பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு எடை ஏறினால்: எடைக்குறைப்பு மருந்தைத் தொடங்குவது முதல் தொடர்வது வரை

எடையைக் குறைப்பதற்காகச் செய்வது பேரியாட்ரிக் அறுவை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் ஆகட்டும், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆகட்டும், அறுவைக்குப் பின் எடை அடிமட்டத்தைத் தொடுவது பெரும்பாலும் 12 முதல் 24 மாதங்களுக்குள். அதன்பிறகு சில கிலோ ஏறுவது உடலின் இயல்பு. பசி மெல்லத் தலைதூக்கும். சிறுத்த உடலுக்குச் செலவாகும் கலோரியும் குறைந்திருக்கும். ஏற்றம் அத்தோடு நிற்காதபோதுதான் மருந்துப் பேச்சு வருகிறது.

அறுவை செய்த வயிற்றுக்கும் செய்யாத வயிற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது. ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிட்டு, அதிலும் சில சத்துகளை முழுதாக உறிஞ்சாத உடலில், பசியை இன்னும் அடக்கும் மருந்து சேர்கிறது. எடை குறையவில்லையே என்று கவலைப்படுபவர்கள்தான் அதிகம். சாப்பாடு தேவைக்கும் கீழே போய்விடுவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். இங்கே சொல்லும் மருந்துகள் எல்லாமே மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. கூடுமானவரை, அறுவை செய்த குழுவின் பார்வையிலேயே தொடங்குங்கள்.

படி 1: ஏறியது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

மூன்று எண்கள் வேண்டும்: அறுவைக்கு முந்தைய எடை, அதன்பிறகு தொட்ட மிகக் குறைந்த எடை, இன்றைய எடை. 120 கிலோவில் அறுவை செய்தவர் 80 வரை இறங்கி இப்போது 92-ல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறங்கியது 40, திரும்பியது 12. அதாவது குறைத்ததில் 30 சதவீதம் திரும்பிவிட்டது. இந்த அளவுக்கு வந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் நேரம் வந்துவிட்டது. ஆனால் இதே நபர் தொடக்க எடையிலிருந்து இன்னும் 23 சதவீதம் குறைவாகத்தான் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். அறுவை வீணாகிவிட்டது என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

இன்னொரு வகையினரும் உண்டு. ஏறவில்லை, ஆனால் ஆரம்பத்திலேயே போதிய அளவு இறங்கவில்லை. ஓராண்டு கடந்தும் மொத்த எடையில் 20 சதவீதம்கூடக் குறையாதவர்கள் இதில் வருவார்கள். இவர்களும் மருந்துக்குத் தகுதியானவர்களே. எடை ஒரே இடத்தில் நின்றுவிட்ட கட்டத்தில் தொடங்குவதுதான், ஏறி முடித்தபின் துரத்துவதைவிடப் பலன் தருகிறது. எனவே "இன்னும் 10 கிலோ ஏறட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பதில் லாபமில்லை.

படி 2: ஏன் ஏறியது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம்.

முதலில் உடலமைப்பு. பைபாஸ் செய்தவருக்குச் சிறு பைக்கும் ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்கும் நடுவே புதிதாக ஒரு வழி திறந்துகொள்ளலாம். பையும் குடலும் இணையும் வாய் அகன்றுவிடலாம். ஸ்லீவ் விரிந்திருக்கலாம். முன்பு அரைக் கிண்ணத்தில் நிறைந்த வயிறு இப்போது முழுத் தட்டையும் சிரமமின்றி வாங்கிக்கொள்கிறது என்றால், எண்டோஸ்கோபியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்துப் பார்ப்பது நல்லது. ஸ்லீவ் செய்தவருக்கு நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் அதற்கும் எண்டோஸ்கோபி தேவை. இப்போது பரவலாகத் தரப்படும் எடைக்குறைப்பு ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் எதுக்களிப்பு கூடலாம்.

அடுத்து, வேறு நோய்களுக்காகச் சாப்பிடும் மருந்துகள். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஓலன்சபின், மிர்டாசபின், வால்ப்ரோயேட், கேபாபென்டின், சில பீட்டா பிளாக்கர்கள் எல்லாம் எடை ஏற்றக்கூடியவை. மாற்று இருந்தால் மாற்றிக்கொள்வதே முதல் சிகிச்சை. நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, சாப்பிடும் விதம். வயிறு சிறியதாக இருந்தும் எடை ஏறுவதற்கு வழக்கமான காரணம் கொறிப்பு: நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. அதோடு மென்மையான மாவுப் பண்டங்கள், இனிப்புப் பானங்கள், மது. இவை எதுவும் வயிற்றில் தங்காமல் வழுக்கிப் போய்விடும், நிறைவுணர்வே வராது. மருந்து பசியைக் குறைக்கும். சோர்வுக்கும் சலிப்புக்கும் சாப்பிடுவதை அது முழுதாகத் தடுக்காது. கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது போன்ற பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருந்துத் தேர்வே அதனால் மாறும்.

தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத்திணறல், சமீபத்திய பிரசவம், மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: முதல் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை

ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை). பைபாஸ் செய்தவர்களுக்குத் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவையும். அண்மையில் வாந்தி அதிகம் இருந்தவருக்குத் தயமின், அதாவது பி1.

குறை இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடக்கும்போது மருந்தைத் தொடங்கினால், அடுத்து வரும் முடி உதிர்வும் களைப்பும் மருந்தின் தலையில் விழும். உண்மைக் காரணம் இரும்புச்சத்துக் குறைவாகவே இருக்கும்.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், செமாக்ளூடைட் தொடங்கும் முன் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம்.

படி 4: எந்த மருந்து

முதலிடத்தில் இருப்பவை செமாக்ளூடைட்டும் டிர்செபடைட்டும். இரண்டும் வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் ஊசி. குடல் உறிஞ்சுவதை நம்பி இவை இல்லை என்பது அறுவை செய்தவர்களுக்குப் பெரிய வசதி. செமாக்ளூடைட்டுக்கான 2021-ஆம் ஆண்டு ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைட்டின் 15 மில்லிகிராம் டோஸில், 2022-ல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் 20.9 சதவீதம். ஆனால் செமாக்ளூடைட் ஆய்வில் எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களைச் சேர்க்கவில்லை. எனவே இந்த எண்களை அப்படியே உங்கள் மீது பொருத்திப் பார்க்காதீர்கள்.

லிராக்ளூடைட் தினமும் போட வேண்டிய ஊசி. அறுவைக்குப் பிந்தையவர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது என்ற பெருமை இதற்கு உண்டு. அறுவையாகி ஓராண்டு கடந்தும் 20 சதவீதத்துக்கு மேல் குறையாத 70 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், 24 வாரங்களில் லிராக்ளூடைட் 3 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 8.8 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.5 சதவீதம்.

மாத்திரையாக விழுங்கும் செமாக்ளூடைட் இங்கே அவ்வளவு பொருத்தமில்லை. அது இரைப்பைச் சுவர் வழியாக உறிஞ்சப்படும்படி வடிவமைக்கப்பட்டது. இரைப்பையையே வெட்டியோ ஒதுக்கியோ வைத்தவருக்கு அது எவ்வளவு ஏறும் என்று கணிக்க முடியாது.

ஃபென்டர்மின்–டோபிரமேட் கூட்டு மாத்திரையும் சிலருக்கு உதவும். இதய நோய், கண் அழுத்த நோய், மிகை தைராய்டு உள்ளவர்களுக்கு இது ஆகாது. பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். டோபிரமேட்டும் கல்லை உண்டாக்கும். நால்ட்ரெக்சோன்–புப்ரோபியான், வலிப்பு வந்தவர்களுக்கும், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவர்களுக்கும் கூடாது. அது மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் பைபாஸ் குடலில் எப்படி வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விழுங்கச் சிரமம் என்று உடைத்துப் பொடியாக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கி வலிப்புக்கு வழிவிடும். ஓர்லிஸ்டாட் வேண்டவே வேண்டாம்: கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் அது வெளியே தள்ளும்.

உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவில் எவருக்கோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் மேலே சொன்ன மூன்று ஊசிகளும் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் மருத்துவரிடம் விரிவாகப் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

படி 5: கூடவே எடுக்கும் மருந்துகளைச் சரிசெய்யுங்கள்

இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியாவும் எடுப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே டோஸைக் குறைக்க வேண்டிவரும். இல்லையென்றால் தாழ்சர்க்கரை. சிட்டாகிளிப்டின் வகை சர்க்கரை மாத்திரைகளை இந்த ஊசிகளோடு சேர்ப்பதில் பயனில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: சாப்பாடு மிகவும் குறைந்தாலோ வாந்தி தொடர்ந்தாலோ, சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் குவிந்து ஆபத்தாகும். அந்த நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்துவது பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீர்பிரிப்பு மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு, அங்கே பாதிக்கப்படுவது சிறுநீரகம்.

கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் நம்பகமான கருத்தடையோடுதான் தொடங்க வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால், தொடங்கிய பின் 4 வாரமும், ஒவ்வொரு டோஸ் உயர்வுக்குப் பின் 4 வாரமும் ஆணுறை போன்ற கூடுதல் தடுப்பு வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமாக்ளூடைட்டை குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டோபிரமேட் கருவுக்குக் கேடு.

படி 6: டோஸை ஏற்றுவது

செமாக்ளூடைட்: 0.25 மில்லிகிராமில் தொடக்கம். 4 வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, கடைசியாக 2.4. டிர்செபடைட்: 2.5-ல் தொடக்கம். 4 வாரம் கழித்து 5. தேவையானால் குறைந்தது 4 வார இடைவெளியில் 2.5 வீதம் ஏற்றி அதிகபட்சம் 15. லிராக்ளூடைட்: தினமும் 0.6, வாரத்துக்கு ஒருமுறை 0.6 கூட்டி 3 வரை.

இந்த அட்டவணை, எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதற்கான உச்ச வரம்பு. கட்டாயம் ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுவை செய்தவர்களில் பலர் நடுத்தர டோஸிலேயே நன்றாக இறங்குவார்கள். அடுத்த டோஸுக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்: தினம் 60 கிராம் புரதம் உள்ளே போகிறதா? ஒன்றரை லிட்டர் நீர் குடிக்க முடிகிறதா? கடந்த ஒரு வாரம் வாந்தியின்றிக் கழிந்ததா? மலம் ஒழுங்காகப் போகிறதா? ஒன்றுக்காவது "இல்லை" என்றால் அதே டோஸில் இன்னும் 4 வாரம் இருங்கள். எடை நன்றாகவே குறைந்துகொண்டிருந்தால் ஏற்றுவதற்குக் காரணமே இல்லை.

டோஸ் தவறினால்: செமாக்ளூடைட்டுக்கு அடுத்த ஊசிக்கு இன்னும் 2 நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். டிர்செபடைட்டுக்கு தவறி 4 நாளுக்குள் என்றால் போடலாம். லிராக்ளூடைட் 3 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 0.6-லிருந்து வர வேண்டும். வார ஊசி தொடர்ந்து இரண்டு மூன்று முறை விட்டுப்போனவர்கள், நிறுத்திய அதே பெரிய டோஸில் குதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். அப்படிக் குதிப்பவர்களுக்குத்தான் அடங்காத வாந்தி வருகிறது.

படி 7: ஊசி போடுவது

தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு வயிற்றிலோ, தொடையின் முன்பக்கத்திலோ, மேற்கையின் பின்பக்கத்திலோ போடலாம். அறுவைத் தழும்புகளின் மீது வேண்டாம். எடை குறைந்து தோல் தொங்கும் இடத்தில், வெறும் தோல் மடிப்பில் குத்தாமல், அடியில் கொழுப்பு இருக்கும் பகுதியாகப் பார்த்துப் பிடித்துப் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்றுங்கள். பொத்தானை அழுத்தியவுடன் உருவிவிடாமல், பேனாவோடு வரும் தாளில் சொல்லியிருக்கும் விநாடிகளை எண்ணி முடித்துவிட்டு எடுங்கள். ஊசி முனையில் ஒரு துளி தங்குவது பரவாயில்லை. தோலில் வழிந்தோடினால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள், குளிர்பெட்டியின் உறைபகுதியை ஒட்டி வேண்டாம். ஒருமுறை உறைந்த மருந்தைக் கரைத்துப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

படி 8: சாப்பாட்டைக் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

"பசித்தால் சாப்பிடு" என்ற அறிவுரை இங்கே செல்லாது, ஏனெனில் பசியே வராது. காலை சாப்பிட மறந்து மதியம் இரண்டு வாயோடு எழுந்து இரவு தூங்கப் போய்விடுபவர்கள் நிறைய. தராசு மகிழ்ச்சியூட்டும், உள்ளே கரைவது தசை. அலாரம் வைத்து மூன்று வேளையும், தேவையானால் நடுவில் ஒருமுறையும் சாப்பிடுங்கள். தட்டில் முதலில் காலியாக வேண்டியது புரதம். ஒரு வேளைக்கு 20 கிராம் என்று வைத்தால் மூன்று வேளையில் குறைந்தபட்ச 60 கிராம் வந்துவிடும். வேகமாக எடை குறைபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் 80 கிராமை ஒட்டி இருப்பது நல்லது. மென்று சாப்பிட முடியாத நாட்களில் புரதப் பானம் கைகொடுக்கும்.

நீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் 30 நிமிடம் விட்டு, மடக் மடக் என்று குடிக்காமல் சிறுகச் சிறுக. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ ரப்பர் பட்டைப் பயிற்சியோ கட்டாயம். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது.

மாத்திரைகளுக்கும் ஒழுங்கு வேண்டும். கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம்; ஒரு நேரத்தில் 500–600-க்கு மேல் உடல் எடுத்துக்கொள்ளாது என்பதால் பிரித்துச் சாப்பிடுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். இவை இரண்டிலிருந்தும் 4 மணி நேரம் தள்ளி. மருந்தால் குமட்டல் வரும்போது பலர் முதலில் கைவிடுவது இந்தச் சத்து மாத்திரைகளைத்தான். விழுங்க முடியவில்லை என்றால் மென்று சாப்பிடும் வகைக்கு மாறுங்கள். பி12-ஐ ஊசியாகவே போட்டுக்கொள்ளலாம்.

படி 9: எந்த வலி எதைச் சொல்கிறது

குமட்டல், ஏப்பம், மலச்சிக்கல் மூன்றும் எதிர்பார்க்க வேண்டியவை. டோஸ் ஏற்றிய முதல் சில நாட்களில் கூடி, பிறகு தணியும். எண்ணெய்ப் பண்டமும் பெரிய அளவும் குமட்டலைக் கிளப்பும். இரும்பு, கால்சியம், குறைந்த நீர், ஊசி நான்கும் சேர்ந்தால் மலச்சிக்கல் நிச்சயம். முதல் வாரத்திலிருந்தே கவனியுங்கள்.

ஆனால் அறுவை செய்தவரின் வயிற்றுவலியை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்தான தவறு. பைபாஸ் செய்தவருக்குத் திடீரென வந்து முறுக்கி முறுக்கிப் போகும் வலி, குடல் உள்ளிடுக்கில் சிக்கிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம். எடை குறையும்போது குடலைத் தாங்கும் கொழுப்பும் கரைந்து அந்த இடுக்கு பெரிதாகிறது. பல ஆண்டுகள் கழித்தும் இது நேரும். அன்றே மருத்துவமனைக்குப் போய், பைபாஸ் செய்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலது விலாவுக்கு அடியில் சாப்பாட்டுக்குப் பின் வலி என்றால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகிக்கலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் ஓயாத வலி என்றால் கணையம். அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே போங்கள். கருமையான மலமும் வயிற்றெரிச்சலும், பையும் குடலும் இணையும் இடத்தில் வரும் புண்ணைக் காட்டும். புகைப்பவர்களுக்கும் ஐபூப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை எடுப்பவர்களுக்கும் இது அதிகம்.

வாந்தி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் தயமின் நினைவுக்கு வர வேண்டும். உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் மூளை பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும். பொது மருத்துவமனையில் இதை நீங்களோ உடன் வந்தவரோ வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை.

எண்டோஸ்கோபிக்கோ வேறு அறுவைக்கோ போகும்போது ஊசி போடுவதை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விரதம் இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

படி 10: பலன் பார்ப்பதும் தொடர்வதும்

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில் பாருங்கள். தாங்கிக்கொள்ள முடிந்த டோஸில் 3 முதல் 4 மாதம் இருந்தும் தொடங்கியபோது இருந்த எடையில் 5 சதவீதம் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேசலாம். மாற்றும் முன் படி 2-ஐ மறுபடி புரட்டுங்கள். எண்டோஸ்கோபி எடுக்காதவர் இப்போது எடுக்கலாம், அறுவையைத் திருத்தும் வாய்ப்பும் அப்போதுதான் தெரியவரும். ரத்தப் பரிசோதனை 3 மாதத்தில் ஒருமுறை, நிலைத்தபின் 6 மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எத்தனை நாள் போடுவது என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பலருக்கு நீண்ட காலம் என்பதே. செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. விலை, கிடைப்பு, கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் தொடங்கும் முன்பே கணக்கில் எடுங்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் எடை நிலைத்தபின் மருத்துவரோடு பேசி டோஸைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். இறக்கும் மாதங்களில் வார எடையை விடாமல் குறித்து, 3 கிலோ ஏறியவுடனே பேசுவது என்று முன்பே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரைகளை மட்டும், ஊசி நின்றாலும் நிற்காவிட்டாலும், நிறுத்தவே கூடாது, அவை அறுவைக்கானவை.